மண்ணும் நீரும் மனித நலமும்

நுழையும்முன்

மனித உடலுக்குள் குடியேறி, அவ்வுடலையே உணவாகக் கொண்டு வாழும் உயிர்கள் பல உள்ளன. உடலுக்குள் நுழைவதற்கு முன் அவை நாம் மிதிக்கும் மண்ணிலும் பருகும் நீரிலும் தெருவோரச் சாக்கடையிலும் வாழ்கின்றன. அவை வரும் வழியை அறியாத காலத்தில் நோயுற்றோர் நோயோடு பழியையும் சுமந்தனர். வழியை அறிந்த பின்னர், மருந்தே இல்லாத நோயையும் மனிதர் வென்றனர். அந்த அறிவின் கதையைத் தாமிரபரணிக் கரையிலிருந்து தொடங்கிக் காண்போம்.

ஆற்றங்கரை மண்

பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி, பாபநாசத்தில் சமவெளியைத் தொடுகிறது. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, திருவைகுண்டம் ஆகிய ஊர்களைக் கடந்து, ஏறத்தாழ 128 கி.மீ. ஓடிப் புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கிறது. கோடைமேலழகியான் அணைக்கட்டு முதல் திருவைகுண்டம் அணைக்கட்டு வரை எட்டு அணைக்கட்டுகள் இந்த ஆற்றின் நீரைக் கால்வாய்களில் திருப்பிவிடுகின்றன. கார், பிசானம் என இரு பருவங்களில் நெல் விளைகிறது. வயல்களை அடுத்து வாழைத் தோட்டங்கள் நிழல் பரப்பி நிற்கின்றன.

நாற்று நடுவோரும் களை பறிப்போரும் வாழைக்கு மண் அணைப்போரும் வெறுங்காலுடனேயே இம்மண்ணில் இறங்குகின்றனர். சேற்றில் செருப்பு அணிந்து நடக்க இயலாது. சோறு தரும் மண்ணைச் செருப்புக்காலால் மிதிக்கலாகாது என்ற எண்ணமும் உண்டு. ஈரமும் வெப்பமும் நிழலும் ஒன்றுகூடிய மண், பயிரை வளர்ப்பதைப் போலவே கண்ணுக்குத் தெரியாத வேறு சில உயிர்களையும் வளர்க்கக்கூடியது. மனிதக் கழிவு அம்மண்ணில் கலக்கும்போதுதான் இடர் தொடங்குகிறது.

ஒட்டுண்ணி என்பது யாது?

மாமரக் கிளையில் புல்லுருவி வளர்வதைக் கண்டிருப்போம். அது மண்ணில் வேர் விடுவதில்லை. மரத்தின் கிளைக்குள் வேர் செலுத்தி, மரம் சேர்த்த நீரையும் சத்தையும் உறிஞ்சுகிறது. இவ்வாறு வேறோர் உயிரின் மேலோ உள்ளோ தங்கி, அதற்குக் கேடு செய்து வாழும் உயிர் ஒட்டுண்ணி எனப்படும். அதைத் தாங்கும் உயிரை அறிவியல் விருந்தோம்பி என்று அழைக்கிறது.

மனிதரைத் தாக்கும் ஒட்டுண்ணிகளை மூவகையாகப் பிரிக்கலாம். மலேரியாவை உண்டாக்கும் பிளாஸ்மோடியம், சீதபேதியை உண்டாக்கும் அமீபா போன்ற ஒருசெல் உயிரிகள் முதல் வகை. கொக்கிப்புழு, உருண்டைப்புழு, நாடாப்புழு போன்ற புழுக்கள் இரண்டாம் வகை. பேன், உண்ணி, சிரங்கு உண்டாக்கும் சிற்றுயிர் போன்று உடலின் மேற்புறத்தில் வாழ்பவை மூன்றாம் வகை.

விருந்தோம்பி விரைவில் இறந்துவிட்டால் ஒட்டுண்ணியும் வாழிடத்தை இழக்கும். ஆகவே ஒட்டுண்ணிகளுள் பல உடனே கொல்வதில்லை. பல்லாண்டுகள் தங்கி, உடலைச் சிறிது சிறிதாக மெலிவிக்கின்றன. ஆயினும் அவற்றின் வாழ்வில் ஒரு பெரும் இக்கட்டு உண்டு. ஓர் உடலில் பிறந்த சந்ததி மற்றோர் உடலை அடைந்தாக வேண்டும். எவ்வழியாக அது உடலைவிட்டு வெளியேறுகிறது? எவ்வழியாக அடுத்த உடலுக்குள் நுழைகிறது? இவ்விரு வினாக்களுக்கும் விடை கண்டால், நோயைத் தடுக்கும் இடமும் புலப்பட்டுவிடும்.

காலின் வழியே

கொக்கிப்புழு ஏறத்தாழ ஒரு செ.மீ. நீளமே உடையது. மனிதரின் சிறுகுடற் சுவரைக் கவ்வி இரத்தத்தை உறிஞ்சுகிறது. அதன் முட்டைகள் மலத்தோடு வெளியேறுகின்றன. நிழல் படர்ந்த ஈரமண்ணில் விழும் முட்டை, ஓரிரு நாள்களில் பொரிந்து இளவுயிரியாகிறது; அடுத்து வரும் சில நாள்களில் மனிதரைத் தொற்றும் ஆற்றலைப் பெறுகிறது. வெறுங்கால் அதன்மீது படும்போது தோலைத் துளைத்து உட்புகுகிறது. புகுந்த இடத்தில் சிறிது அரிப்பு தோன்றும். பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. இளவுயிரி இரத்த ஓட்டத்தில் கலந்து இதயத்தையும் நுரையீரலையும் அடைந்து, மூச்சுக்குழல் வழியாகத் தொண்டைக்கு ஏறி, எச்சிலோடு விழுங்கப்பட்டுக் குடலைச் சேர்கிறது.

புழு வாய்வழியாகவே நுழைகிறது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், எகிப்து நாட்டின் கெய்ரோ நகரில் ஆய்வு செய்த ஆர்தர் லூஸ் என்னும் அறிஞரின் கையில், இளவுயிரிகள் நிறைந்த நீர் தவறிச் சிந்தியது. அவ்விடத்தில் அரிப்பும் எரிச்சலும் தோன்றின. சில வாரங்களுக்குப் பின் அவருடைய மலத்திலேயே கொக்கிப்புழுவின் முட்டைகள் காணப்பட்டன. தோல்வழியே புழு நுழையும் உண்மை இவ்வாறு வெளிப்பட்டது.

ஒரு கொக்கிப்புழு, இனத்திற்கேற்ப, நாளொன்றுக்கு 0.03 முதல் 0.2 மில்லி லிட்டர் வரை இரத்தத்தை இழக்கச் செய்கிறது. இது மிகச் சிறிதாகத் தோன்றலாம். குடலில் நூறு புழுக்கள் இருப்பின் இழப்பு நாள்தோறும் 3 முதல் 20 மில்லி லிட்டர் வரை ஆகும். போதிய உணவு கிடைக்காத உடல் இவ்விழப்பை ஈடுசெய்ய இயலாது. இரத்தச்சோகை உண்டாகிறது, முகம் வெளிறுகிறது, சிறிது தொலைவு நடந்தாலே மூச்சு வாங்குகிறது, கருவுற்ற பெண்களுக்குப் பேறுகாலத்தில் ஆபத்து மிகுகிறது. இளஞ்சிறாருக்கு வளர்ச்சி குன்றுகிறது. பாடத்தில் கவனம் நிலைப்பதில்லை.

வெளியே தெரியும் காயம் இல்லாததால் இந்நோய் நோயாகவே எண்ணப்படவில்லை. வேலையின் நடுவே வரப்பில் அமர்ந்துவிட்டவரைச் சோம்பேறி என்றனர். வகுப்பில் தூங்கிவழிந்த சிறுவனை மந்தபுத்தி உடையவன் என்றனர். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இந்நோய் பரவியிருப்பதை 1902-இல் சார்லஸ் ஸ்டைல்ஸ் எடுத்துரைத்தபோது, செய்தித்தாள்கள் அதனைச் 'சோம்பல் கிருமி' என்றே எழுதின. ஏளனமாக இடப்பட்ட அப்பெயரிலும் ஓர் உண்மை இருந்தது. சோம்பல் என்று இகழப்பட்டது குணக்குறை அன்று. நாள்தோறும் நிகழ்ந்த இரத்த இழப்பு. 1920-களில் சென்னை மாகாணத்திலும் ராக்பெல்லர் அறநிறுவனத்தின் துணையோடு கொக்கிப்புழு ஒழிப்புப் பணிகள் நடைபெற்றன.

வாயின் வழியே

உருண்டைப்புழு தோலைத் துளைப்பதில்லை. அதன் முட்டை உணவோடு வாயின் வழியே நுழைகிறது. ஒரு பெண்புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் முட்டைகளை இடும். அம்முட்டைகள் மண்ணில் பல மாதங்கள், ஏன் ஆண்டுக்கணக்கிலும் கெடாமல் இருக்கும். கழுவாத கையும் கழுவாத காய்கறியும் அவற்றைக் குடலுக்குக் கொண்டு சேர்க்கின்றன.

நாடாப்புழுவின் கேடு இதனினும் கொடியது. பன்றியிறைச்சியை நன்கு வேகவைக்காமல் உண்டவரின் குடலில் நாடாப்புழு வளர்கிறது. அவரது மலத்தில் வெளியேறும் முட்டைகள் தோட்டத்துக் கீரையிலோ நீரிலோ கலந்து வேறொருவர் வாயினுள் சென்றால், இளவுயிரிகள் மூளையை அடைந்து கட்டிகளாகத் தங்கிவிடும். வலிப்பு நோய்க்கு இதுவும் ஒரு முக்கியக் காரணமாகும். இறைச்சியே உண்ணாதவருக்கும் இந்நோய் வரக்கூடும் என்பது கருதத்தக்கது. ஒருவரது உணவுப் பழக்கம் மட்டும் அவரைக் காப்பதில்லை. ஊரின் தூய்மையே ஒவ்வொருவரையும் காக்கிறது.

கழிவுநீர் கலந்த ஆற்றிலிருந்தும் வாய்க்காலிலிருந்தும் முகக்கும் நீரில் சீதபேதி அமீபாவின் உறையுயிரிகள் இருக்கக்கூடும். குடிநீரில் வழக்கமாகக் கலக்கப்படும் அளவு குளோரின் இவற்றை முற்றிலும் அழிப்பதில்லை. கொதிக்க வைத்தல் அழித்துவிடும். நீரைக் காய்ச்சிப் பருகுக என்று மருத்துவர் கூறுவதன் காரணம் இதுவே.

கொசுவின் வழியே

1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலிப் பகுதிகளில் கடுமையான காய்ச்சல் பரவியது. அதன் காரணத்தையும் மருத்துவத்தையும் ஆராயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை அரசு மருத்துவர் குழு ஒன்றை அமைத்தது. ஒயிட்லா அயின்ஸ்லி என்பவர் அதன் உறுப்பினருள் ஒருவர். அக்குழுவின் அறிக்கை 1816-இல் இலண்டனில் நூலாக வெளிவந்தது. விட்டுவிட்டு வரும் அக்காய்ச்சலை இன்று மலேரியா என்று கருதுவர். ஆனால் அக்கால மருத்துவம், இத்தகைய காய்ச்சலுக்குச் சதுப்பு நிலத்திலிருந்து எழும் கெட்ட காற்றையே காரணமாகக் கொண்டிருந்தது. மலேரியா என்னும் இத்தாலியச் சொல்லின் பொருளும் 'கெட்ட காற்று' என்பதேயாகும்.

சதுப்பு நிலத்திற்கும் காய்ச்சலுக்கும் தொடர்பு உண்டு என்று கண்டது சரியே. ஆனால் இரண்டையும் இணைத்தது காற்று அன்று, கொசு. 1880-இல் அல்ஜீரியாவில் பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர் லாவெரான், நோயாளியின் இரத்தத்தில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். 1897 ஆகஸ்டு 20 அன்று, செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ், நோயாளியின் இரத்தத்தைக் குடித்த அனோபிலஸ் கொசுவின் இரைப்பைச் சுவரில் அவ்வொட்டுண்ணியின் வளர்நிலையைக் கண்டார். வழி தெளிவாயிற்று. வயலோரம் தேங்கிய நீரிலும் கிணற்றிலும் மூடாத மேல்நிலைத் தொட்டியிலும் அனோபிலஸ் இனங்கள் முட்டையிடுகின்றன. நீர்ப்பாசனம் மிக்க பகுதி கொசுவைக் குறித்து விழிப்போடு இருத்தல் இன்றியமையாதது.

யானைக்கால் நோயின் கதையும் இதனோடு ஒத்தது. நூலிழை போன்ற பைலேரியா புழு நிணநீர்க் குழாய்களில் பல்லாண்டுகள் வாழ்கிறது. குழாய்கள் சிதைய, கால் வீங்கிப் பருக்கிறது. 1872-இல் கல்கத்தாவில் திமோத்தி லூயிஸ், மனித இரத்தத்தில் இதன் நுண்புழுக்களைக் கண்டார். 1877-இல் சீனாவின் அமாய் நகரில் பாட்ரிக் மான்சன், அவை கொசுவின் உடலில் வளர்வதைக் கண்டார். நுண்புழுக்கள் பெரும்பாலும் இரவிலேயே மேற்பரப்பு இரத்தத்தில் உலவுகின்றன. சாக்கடையில் பெருகும் கியூலெக்ஸ் கொசுவும் இரவிலேயே கடிக்கிறது. இரவில் இரத்தம் எடுத்து இந்நோய்க்கான சோதனை செய்வது இதனால்தான்.

தமிழ்நாட்டில் காவிரிப் படுகையிலும் கடலோர மாவட்டங்களிலும் இந்நோய் மிகுதியாக இருந்தது. முற்பிறவி வினை என்றும் குலத்தில் வந்த குறை என்றும் கூறி, நோயுற்றோர் குடும்பத்தில் பெண் கொடுக்கவும் எடுக்கவும் தயங்கினர். சாக்கடையை மூடாத ஊரின் பிழையை ஒரு தனிமனிதரின் கால் சுமந்தது. 2004 முதல் நாடெங்கும் நோயுள்ள மாவட்டங்களில், நோயில்லாதவர் உட்பட அனைவருக்கும் ஆண்டுக்கொருமுறை மாத்திரை வழங்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. இரத்தத்தில் நுண்புழு இல்லையெனில் கொசுவுக்குக் கொண்டுசெல்ல ஒன்றுமில்லை என்பதே அதன் அடிப்படை.

தெரிந்து தெளிவோம்

ரொனால்டு ராஸ் இந்திய மருத்துவப் பணியில் 1881-இல் சென்னை மாகாணத்தில் சேர்ந்தார். 1897-இல் விடுப்பில் உதகமண்டலம் வந்தபோது, நீலகிரியின் சிகூர் மலைச்சரிவில் காய்ச்சலை ஆராயச் சென்று, தாமே மலேரியாவுக்கு ஆளானார். அதே ஆண்டு ஆகஸ்டில் செகந்தராபாத்தில் தம் கண்டுபிடிப்பை நிகழ்த்தினார். 1902-இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

மருந்தின்றி வென்ற நோய்

நரம்புச் சிலந்தி என்று தமிழ் மக்கள் அழைத்த நோயை இன்றைய மாணவர் எவரும் கண்டிருக்க மாட்டார். அதைக் காணாதிருப்பதே நாம் பெற்ற வெற்றி.

இந்நோயை உண்டாக்கும் பெண்புழு, 60 முதல் 100 செ.மீ. வரை நீண்டு, தோலுக்கடியில் ஏறத்தாழ ஓராண்டு வளரும். பின்னர்ப் பெரும்பாலும் காலில் கொப்புளம் எழுப்பி வெளிப்படும். வெளிவந்த முனையைச் சிறு குச்சியில் சுற்றி, நாளுக்குச் சிறிதளவே இழுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் புழு அறுந்து, கால் சீழ்பிடிக்கும். முழுப்புழுவும் வெளிவர வாரக்கணக்காகும். நடவுக்காலத்திலோ அறுவடைக்காலத்திலோ இந்நோய் வந்தால் உழவர் குடும்பம் ஓராண்டு வருவாயை இழக்கும்.

புண்ணின் எரிச்சல் தாங்காத நோயாளி, காலை நீரில் நனைத்து ஆறுதல் தேடினார். ஊருணியிலும் படிக்கிணற்றிலும் அவர் கால் வைத்த கணமே புழு ஆயிரக்கணக்கான இளவுயிரிகளை நீரில் விடுத்தது. அவற்றைச் சைக்ளாப்ஸ் என்னும் நீர்ச்சிற்றுயிர்கள் உண்டன. அந்நீரை வடிகட்டாமல் குடித்தவர் அடுத்த ஆண்டின் நோயாளி ஆனார். இவ்வட்டத்தை 1870-இல் ரஷ்ய அறிஞர் அலெக்சி பெட்சென்கோ கண்டறிந்தார்.

இந்நோய்க்குத் தடுப்பூசி இல்லை. புழுவைக் கொல்லும் மருந்தும் இல்லை. ஆயினும் வட்டத்தை அறுக்கும் இடம் தெளிவாக இருந்தது. நெருக்கமாக நெய்த துணியை மடித்துக் குடத்தின் வாயில் கட்டி நீரை வடித்தால் சைக்ளாப்ஸ் துணியிலேயே தங்கிவிடும். படிக்கிணற்றின் படிகளை அடைத்து, கயிறும் வாளியும் கொண்டு இறைக்கும் கிணறாக மாற்றினால் எவர் காலும் நீரைத் தொடாது. அடிகுழாய் அமைத்தால் குளத்து நீரே தேவைப்படாது. புண் உள்ளவர் நீரில் இறங்காதிருக்க ஊரார் அவருக்கு நீர் மொண்டு தந்தால் போதும்.

இந்தியாவில் இந்நோய் இருந்த ஏழு மாநிலங்களுள் முதலில் விடுபட்டது தமிழ்நாடு. 1980-களின் தொடக்கத்திலேயே இங்கு நோய் மறைந்தது. 1984-இல் நாடெங்கும் 12,840 ஊர்களில் ஏறத்தாழ 40,000 பேருக்கு இந்நோய் இருந்தது. தேசிய ஒழிப்புத் திட்டத்தின் பயனாக எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைந்தது. 1996 ஜூலையில் ராஜஸ்தானின் ஜோத்பூர் மாவட்டத்தில் கடைசி நோயாளி பதிவானார். 2000 பிப்ரவரியில் இந்தியா இந்நோயற்ற நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது. 1986-இல் உலகில் ஏறத்தாழ 35 இலட்சம் பேரைத் துன்புறுத்திய நோய், அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு இருபது பேருக்கும் குறைவானவரிடமே காணப்படுகிறது.

விழிப்புத் தளர்ந்தால்

வென்ற நோயும் மீளும் என்பதை மலேரியா கற்பித்தது. விடுதலை பெற்ற காலத்தில் இந்தியாவில் ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா வந்ததாக மதிப்பிடப்பட்டது. 1953-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தால் 1965 அளவில் அவ்வெண்ணிக்கை ஓர் இலட்சம் அளவுக்குச் சுருங்கியது. நோய் ஒழிந்துவிட்டது என்று எண்ணிக் கவனம் குறைந்தது. கொசு பூச்சிக்கொல்லியைத் தாங்கப் பழகியது. 1976-இல் நோயாளிகள் 64 இலட்சத்தைத் தாண்டினர். பின்னர் மீண்டும் நெடுநாள் உழைத்தே நோயைக் குறைக்க நேர்ந்தது.

மாத்திரையும் கழிப்பறையும்

2015 முதல், ஒரு வயது முதல் 19 வயது வரையுள்ளோர்க்குப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் குடற்புழு நீக்க மாத்திரை வழங்கப்படுகிறது. பதினொன்றாம் வகுப்பு மாணவரும் இதில் அடங்குவர். அல்பெண்டசோல் என்னும் அம்மாத்திரையை நன்கு மென்று விழுங்க வேண்டும். உடல்நலத்தோடு இருப்பதாக எண்ணி மாத்திரையை மறைத்துவைப்போரும் உண்டு. உடலில் புழு இருப்பதைப் பலர் உணர்வதில்லை. உணராதவரும் முட்டைகளை மண்ணில் பரப்பக்கூடும். எனவே மாத்திரை உண்பது தமக்காக மட்டுமன்று, வெறுங்காலுடன் வயலில் நிற்கும் பிறருக்காகவும் ஆகும்.

ஆனால், மாத்திரை இன்று குடலில் உள்ள புழுவை நீக்குமேயன்றி மண்ணில் உள்ள முட்டையை நீக்காது. வாய்க்கால் கரையும் தோப்பும் கழிப்பிடமாக உள்ளவரை, புழு மீண்டும் வரும். ஒவ்வொரு வீட்டிலும் பயன்படுத்தப்படும் கழிப்பறை, உண்ணும்முன் சோப்பால் கழுவிய கை, மூடிய நீர்த்தொட்டி, தேங்காத சாக்கடை, கழிவு கலக்காத ஆறு ஆகியவையே வழியை நிலையாக அடைப்பவை. திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் குடிநீர் தரும் தாமிரபரணியில் ஓர் ஊர் விடும் கழிவு, அடுத்த ஊரின் குடத்தில் சேர்கிறது.

நோயுற்றவரை நோக்கி, "இவர் என்ன பிழை செய்தார்?" என்று கேட்டது பழைய காலம். "இந்நோய் எவ்வழியே வந்தது?" என்று கேட்பது அறிவியல். அவ்வழியை அடைக்கத் தனியொருவரால் இயலாது. ஊர் கூடினால் இயலும். துணியும் வாளியும் கொண்டே நரம்புச் சிலந்தியை விரட்டிய ஊர்கள் அதற்குச் சான்று.

சொற்பொருள்

விருந்தோம்பி – ஒட்டுண்ணியைத் தாங்கும் உயிர்
இளவுயிரி – முட்டையிலிருந்து வெளிவந்த இளம்பருவ உயிர்
நிணநீர் – உடற்திசுக்களில் ஊறிக் குழாய்கள் வழியே இரத்தத்தைச் சேரும் நீர்மம்
உறையுயிரி – தன்னைச் சுற்றி உறையமைத்து உறங்குநிலையில் இருக்கும் நுண்ணுயிர்
ஊருணி – ஊரார் குடிநீர் முகக்கும் குளம்

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் நீர் தேங்கும் இடங்களைப் பட்டியலிட்டு, அவற்றைச் சீர்செய்ய வேண்டி உள்ளாட்சி அமைப்புக்குக் கடிதம் எழுதுக.
2. முன்பு நிலவி இன்று மறைந்த நோய்கள் குறித்து வீட்டிலுள்ள முதியவரிடம் கேட்டு, அவர் வழங்கும் நோய்ப்பெயர்களைத் தொகுத்து வகுப்பில் படித்துக் காட்டுக.

மதிப்பீடு

குறுவினா
1. ஒட்டுண்ணிகளுள் பல விருந்தோம்பியை உடனே கொல்லாமைக்குக் காரணம் யாது?
2. யானைக்கால் நோய்க்கான இரத்தச் சோதனை இரவில் செய்யப்படுவது ஏன்?

சிறுவினா
3. கொக்கிப்புழு மண்ணிலிருந்து குடலை அடையும் வழியை விளக்குக.
4. 'சோம்பல் என்று இகழப்பட்டது குணக்குறை அன்று' – இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக.

நெடுவினா
5. மருந்தில்லாத நரம்புச் சிலந்தி ஒழிந்ததையும், மருந்துள்ள மலேரியா மீண்டதையும் ஒப்பிட்டு, நோய்த்தடுப்பில் சமுதாயத்தின் பங்கினைக் கட்டுரைக்க.